ஆசிட் பட்டதைத் தீக்காயம் என்று எழுதலாமா?

கேள்வி: சிஸ்டர், ரப்பர் பாலில் ஊற்ற ஆசிட் கலக்கும்போது கேன் வழுக்கி அப்பாவின் வலது புறங்கையில் கொட்டிவிட்டது. பக்கத்து வீட்டு மாமி பேஸ்ட் தடவினார், அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ஆசிட் பர்ன், இரண்டாம் டிகிரி' என்று இருக்கிறது, பில்லில் டி 23.2 (T23.2) என்று கோடு, அதாவது நோய்க்கான குறியீட்டு எண். நான் மெடிக்கல் கோடிங் படிக்கிறேன். புத்தகப்படி டி 23.6 வர வேண்டாமா? டாக்டர் தப்பாக எழுதிவிட்டாரா?
— ஒரு மாணவர், பனச்சமூடு

பதில்: டாக்டர் எழுதியதில் தப்பில்லை, தம்பி. அவர் பேச்சு வழக்கில் 'பர்ன்' என்று எழுதுவார். அதைப் பிரித்துப் பார்ப்பது கோடு போடும் கோடரின் வேலை. ஐசிடி-10 என்ற உலக நோய்க் குறியீட்டுப் புத்தகத்தில் நெருப்பு, வெந்நீர், கரண்ட் எல்லாம் 'பர்ன்'. ஆசிட், சுண்ணாம்பு போன்ற காரம் இரண்டும் 'கரோஷன்', அதாவது அரிப்புக் காயம். மணிக்கட்டும் கையும் டி 23. அதில் புள்ளிக்குப் பிறகு 0 முதல் 3 வரை பர்ன், 4 முதல் 7 வரை கரோஷன். டிகிரி என்பது காயத்தின் ஆழம். இரண்டாம் டிகிரி என்றால் வெந்நீருக்கு 2, ஆசிட்டுக்கு 6. நீங்கள் சொல்வதுதான் சரி.

நீங்கள் வேலைக்குப் போனால் பெரும்பாலும் அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் ஃபைல்தான் கையில் வரும். அங்கே இது இன்னும் நீளும். முதலில் எந்தப் பொருள், தெரியாமல் பட்டதா என்று காட்டும் டி 54.2 எக்ஸ் 1 ஏ. பிறகு வலது புறங்கைக்கு டி 23.661 ஏ. உடம்பில் எவ்வளவு பரப்பு என்பதற்கு டி 32.0, அதாவது பத்து சதவீதத்துக்குக் குறைவு. (நோயாளியின் உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, ஏறக்குறைய ஒரு சதவீதம். வார்டில் நாங்கள் இப்படித்தான் கண்ணால் அளப்போம்.) கடைசி 'ஏ'யை முதல் விசிட் என்று பலர் நினைக்கிறார்கள். அது சிகிச்சை மும்முரமாக நடக்கிறது என்பதற்கான எழுத்து. ஆறி வரும்போது 'டி' (D), பின்னாளில் தழும்பு இழுத்துக்கொண்டு வந்தால் 'எஸ்'.

இனி அந்தப் பேஸ்ட். நான் தீக்காய வார்டில் இருந்தபோது அருமனைப் பக்கமிருந்து ஒரு அம்மா வந்தார். இதே ரப்பர் ஆசிட். மணிக்கட்டு வரை வெள்ளைப் பேஸ்ட் காய்ந்து, பழைய சுண்ணாம்புச் சுவர் மாதிரி வெடித்திருந்தது. வளையலைக்கூடக் கழற்றவில்லை, அதன் அடியில்தான் காயம் அதிகம். சலைனில் ஊறவைத்து ஊறவைத்து எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குப் பிறகும் எவ்வளவு ஆழம் என்று அன்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. கேஸ் ஷீட்டில் டிகிரி இடம் காலி. கோடில் அது டி 23.4 ஆகிவிடும், ஆழம் குறிக்காத கரோஷன். அந்த இடத்தைக் கோடர் ஊகித்து நிரப்பக் கூடாது, டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

ஆசிட் பட்டால் வேண்டியது குழாய்த் தண்ணீர், குறைந்தது இருபது நிமிஷம். துணி, வளையல், மோதிரம், வாட்ச் எல்லாவற்றையும் தண்ணீர் ஓடும்போதே கழற்றுங்கள். சோடா உப்பு போட்டு ஆசிட்டை முறிக்கப் பார்க்காதீர்கள், அதில் வேறு சூடு கிளம்பும். தோட்டத்தில் குழாய் இல்லையென்றால் பால் வாளி கழுவ வைத்திருக்கும் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றுங்கள். அப்புறம் சுத்தமான துணியால் தளர்வாக மூடி ஆஸ்பத்திரிக்கு.

என்ன ஆசிட் என்று கேட்டால் எல்லாரும் 'ரப்பர் ஆசிட்' என்பார்கள். அது ஃபார்மிக்காகவும் இருக்கலாம், விலை குறைவு என்று வாங்கிய சல்ஃப்யூரிக்காகவும் இருக்கலாம். கோடுக்கு இரண்டும் ஒன்றுதான், டி 54.2. வைத்தியத்துக்கு ஒன்றல்ல. ஃபார்மிக் அதிகம் பட்டால் தோல் வழியாக ரத்தத்தில் கலந்து சிவப்பணுக்களை உடைக்கும், சிறுநீர் சிவக்கும், சிறுநீரகம் பாதிக்கப்படும். அதனால் கேனின் லேபிளை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். லேபிள் இல்லாத குடிதண்ணீர் பாட்டிலில் ஆசிட் வைத்திருக்கும் வீடுகளைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் பத்திரிகையில் இடம் போதாது.

பில் விஷயத்துக்குச் சண்டை வேண்டாம். டிஸ்சார்ஜ் சம்மரியோடு ரெக்கார்ட்ஸ் பிரிவுக்குப் போய், 'ஆசிட் என்று டாக்டர் எழுதியிருக்கிறார், கோடு வெந்நீருக்கு உரியதாக இருக்கிறது' என்று சொல்லுங்கள். திருத்துவார்கள்.

கேள்வி: வெற்றிலைச் சுண்ணாம்பு பாக்கெட்டைப் பேரன் பிதுக்க, கண்ணில் தெறித்துவிட்டது. எண்ணெய் விட்டோம். சரிதானே?
— ஒரு பாட்டி, களியக்காவிளை

பதில்: இல்லை அம்மா. இன்றே கண் டாக்டரிடம் போங்கள், வலி குறைந்திருந்தாலும். சுண்ணாம்பு காரம், ஆசிட்டைவிட ஆழமாக இறங்கும். இமைக்கு அடியில் ஒரு துணுக்கு ஒட்டியிருந்தாலே கருவிழியை அரித்துக்கொண்டிருக்கும், இமையைப் புரட்டிப் பார்த்து எடுக்க வேண்டும். கண்ணில் எது தெறித்தாலும் எண்ணெய் வேண்டாம், உடனே தண்ணீர். பட்ட கண் கீழே இருக்கும்படி பிள்ளையைச் சாய்த்துப் பிடித்து அரை மணி நேரம் ஊற்ற வேண்டும். மேலே இருந்தால் தண்ணீர் வழிந்து நல்ல கண்ணுக்குள் போகும்.