ஏரோஸ்பேஸ் இன்ஜினியரிங் படித்தால் வேலை கிடைக்குமா?

தண்டையார்பேட்டையில் பிளஸ் டூ முடித்த மகள் ஏரோஸ்பேஸ்தான் வேண்டும் என்கிறாள், சொந்தக்காரர்கள் வேலை கிடைக்காது என்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கும், ஆனால் எந்தக் கல்லூரி என்பது மற்ற படிப்புகளைவிட இதில் ரொம்ப முக்கியம்.

முதலில் இஸ்ரோ. கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் வழியாகப் போகும் சூலூர்பேட்டை மின்சார ரயிலைத் தினமும் பார்க்கிற நம் பிள்ளைகளுக்கு, சூலூர்பேட்டைக்குப் பக்கத்தில் ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டா மீது ஆசை வருவது இயல்புதான். ஆனால் இஸ்ரோ எழுத்துத் தேர்வு வைத்து அதிகம் எடுப்பது மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்களை. ஏரோஸ்பேஸ் படித்தே உள்ளே போக நேர்வழி திருவனந்தபுரத்தில் இருக்கும் ஐஐஎஸ்டி என்ற மத்திய அரசின் விண்வெளிக் கல்லூரி. அதற்கு ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுத வேண்டும். அது அமையாவிட்டால் அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்ஐடி நல்ல இடம், அப்புறம் கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடியில் எம்டெக் போகலாம்.

தனியாருக்கு 2020-இல் விண்வெளித் துறையைத் திறந்துவிட்ட பிறகு நிலைமை உண்மையிலேயே மாறியிருக்கிறது. சென்னையின் அக்னிகுல் நிறுவனம் 3டி பிரிண்ட் செய்த இன்ஜினோடு 2024 மே 30 அன்று சோதனை ராக்கெட்டையே பறக்கவிட்டது. இப்படிப்பட்ட நிறுவனங்கள் சான்றிதழைவிடக் கைவேலையைப் பார்க்கும், அதனால் முதல் வருடத்திலிருந்தே சிஎஃப்டி (காற்று, திரவ ஓட்டத்தைக் கம்ப்யூட்டரில் கணக்கிடும் முறை), மேட்லாப் என்ற கணக்கீட்டு மென்பொருள், பைதான் புரோகிராமிங் எல்லாம் பழகச் சொல்லுங்கள்.

விமானப் பராமரிப்பு வேலைக்கு டிஜிசிஏ (மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) தரும் லைசன்ஸ் வேண்டும், அது தனிப் படிப்பு. இரண்டும் ஒன்று என்று சொல்லி யாராவது பணம் கேட்டால் தயவுசெய்து கட்டாதீர்கள்.