ஸ்டோன் ஃப்ரூட்டில் மாம்பழமும் பேரீச்சையும் சேருமா?

பீச் பழம் சாப்பிட்டதும் உதடும் நாக்கும் அரித்ததால் மருத்துவரைப் பார்த்த வாசகர் ஒருவர், 'ஸ்டோன் ஃப்ரூட் வகைகளைத் தவிர்க்கவும்' என்று அவர் எழுதித் தந்ததைக் குறிப்பிட்டு, கொட்டையுள்ள மாம்பழம், பேரீச்சை, அவகாடோ ஆகியவற்றையும் விட்டுவிட வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்.

மருத்துவக் குறிப்பில் இச்சொல் வழக்கமாகச் சுட்டுவது புரூனஸ் என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த பீச், நெக்டரின், பிளம், ஆப்ரிகாட், செர்ரி ஆகியவற்றைத்தான். நெக்டரின் என்பது தோலில் சுணையில்லாத பீச்சே என்பதால் அதைத் தனிப்பழமாக எண்ணி ஏமாந்துவிடக் கூடாது.

தாவரவியலில் இதன் எல்லை இன்னும் விரிவானது. பீச்சின் கொட்டையை உடைத்தால், மேடுபள்ளமான கெட்டி ஓட்டுக்குள் பழுப்புத் தோல் போர்த்திய பருப்பு இருக்கும்; அந்தப் பருப்புதான் விதை, ஓடு என்பது கனியின் உட்சுவர் இறுகியது. இந்த அமைப்புள்ள கனி எதுவும் ட்ரூப் எனப்படும் உள்ளோட்டுச் சதைக்கனிதான் என்பதால் மாங்காயும் தேங்காயும் ஆலிவும் அதில் அடங்கும். பேரீச்சையில் நாம் துப்புவது ஓடல்ல, விதையேதான், அவகாடோவும் அப்படியே. ஆகவே அவையிரண்டும் தாவரவியல்படியும் ஸ்டோன் ஃப்ரூட் அல்ல. மாம்பழம் ட்ரூப் என்றாலும் அது முந்திரிக் குடும்பத்தைச் சேர்ந்தது. கொட்டை இருக்கிறது என்பதற்காக மட்டும் அதை விலக்க வேண்டியதில்லை.

ஒவ்வாமையைத் தூண்டுவது கொட்டையல்ல, நெருங்கிய உறவுள்ள பழங்களில் ஒன்றுபோலவே அமைந்திருக்கும் புரதங்கள். அவற்றுள் ஒருவகை சூட்டில் சிதைந்துவிடுவதால், பச்சையாகத் தின்றால் வாய் அரிக்கும் சிலருக்கு வேகவைத்த பழம் ஒத்துக்கொள்கிறது. தோலில் மிகுந்திருக்கும் இன்னொரு வகையோ வேகவைத்தாலும் அழிவதில்லை. கடுமையான விளைவுகளுக்கு அது காரணமாகலாம். உங்களுக்கு ஒவ்வாதது எது என்று தெரியாத நிலையில், தோலுரித்தோ ஜாம் செய்தோ வீட்டிலேயே சோதித்துப் பார்ப்பதை நான் உறுதியாக மறுப்பேன். தொண்டை இறுகினாலோ மூச்சுத் திணறினாலோ உடனடியாக அவசர சிகிச்சை பெறுங்கள்.

பாதாமும் புரூனஸ் பேரினம்தான். நாம் தின்பது அதன் ஓட்டுக்குள் இருக்கும் பருப்பு. ஆப்பிளுக்குள் அத்தகைய ஓடு இல்லையென்றாலும் அதுவும் பீச்சைப் போலவே ரோஜாக் குடும்பம் என்பதால் சிலருக்கு அதே அரிப்பைத் தருகிறது. அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது, பாதாம், ஆப்பிள், மாம்பழம் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்டு, விலக்க வேண்டியவற்றை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.