முதலில் ஸ்கேன்: சினைப்பைப் புற்றுநோயும் காப்பீடும் – வாசகர் கேள்விகள்

கேள்வி: அக்காவுக்கு 52 வயது. மாதவிடாய் நின்று மூன்று வருடம் ஆகிறது. இரண்டு மாதமாக வயிறு உப்பிக்கொண்டே இருக்கிறது; இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை. டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். "ஏதாவது இருப்பது தெரிந்துவிட்டால் இன்ஷூரன்ஸ் கிடைக்காது, பாலிசி போட்டுவிட்டு எடுக்கலாம்" என்கிறார் மாமா. அப்படிச் செய்யலாமா? – வாசகி, திண்டிவனம்

பதில்: வேண்டவே வேண்டாம். இந்த வாரமே ஸ்கேன் எடுத்துவிடுங்கள். புதிதாகத் தொடங்கி மாதத்தில் பாதி நாள் நீடிக்கும் உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் – இவற்றை வாயுத் தொல்லை என்று ஓமத்தண்ணீர் குடித்துக் கடத்தக் கூடாது. இவை சினைப்பைப் புற்றுநோயின் அறிகுறிகளாகவும் இருக்கலாம். அந்த நோயைச் சினைப்பைக்குள் மட்டும் இருக்கும்போதே கண்டுபிடித்தால் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் ஐந்து வருடம் கடக்கிறார்கள். ஆனால் பெரும்பாலோருக்கு வயிற்றறை முழுக்கப் பரவிய பிறகே தெரிகிறது. பாப் ஸ்மியர் நார்மல் என்று நிம்மதி அடையவும் வேண்டாம். அது கருப்பைவாய்க்கான பரிசோதனை.

மாமாவின் யோசனை பணக் கணக்கிலும் நிற்காது. புதுப் பாலிசியில் முதல் 30 நாள் நோய்களுக்குப் பணம் கிடையாது. முன்பே இருந்த நோய்க்குக் காத்திருப்பு 3 வருடம் வரை போகும். அட்மிஷன் போடும்போது கேஸ் ஷீட்டில் முதலில் எழுதுவதே "வயிற்று உப்புசம், இரண்டு மாதமாக" என்றுதான். காப்பீட்டு நிறுவனமும் அந்த வரியைத்தான் முதலில் தேடும். மறைத்தது தெரிந்தால் பாலிசி ரத்தாகும்.

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. பிரீமியம் இல்லை, காத்திருப்பும் இல்லை. ஆண்டுக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் வரை. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். தாமதமாவது பெரும்பாலும் வருமானச் சான்றுதான். ஸ்கேன் எடுக்கும் நாளிலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். அக்காவின் பெயர் எந்த ரேஷன் கார்டில் இருக்கிறது என்றும் பாருங்கள். ஒரு வீட்டில் நீக்கி இன்னொரு வீட்டில் சேர்க்காமல் விட்டிருந்தால் அங்கேயே வேலை நின்றுவிடும். கட்டணமில்லா எண்: 1800 425 3993.

கேள்வி: வயது 34. சிஏ-125 (சினைப்பைப் புற்றுநோய்ச் சந்தேகத்தில் பார்க்கும் ரத்தப் பரிசோதனை) அளவு 62 என்று வந்திருக்கிறது. புற்றுநோய்தானா? – வாசகி, நாமக்கல்

பதில்: அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. 35க்குக் கீழ் இயல்பு என்றாலும் எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உட்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது), ஃபைப்ராய்டு (கருப்பையில் வரும் சாதாரணக் கட்டி), வயிற்றுக் காசநோய், ஏன், மாதவிடாய் நாட்களில்கூட ஏறும். ஆரம்ப நிலைப் புற்றுநோயில் பலருக்கு ஏறாமலும் இருக்கும். ஸ்கேன் அறிக்கையில் சினைப்பைக் கட்டிக்குள் திடப்பகுதி, தடித்த தடுப்புகள், வயிற்றில் நீர் என்று இருந்தால் புற்றுநோய் அறுவை நிபுணரிடம் போங்கள். சந்தேகக் கட்டியில் ஊசி போட்டு நீர் எடுக்கச் சம்மதிக்காதீர்கள். கட்டி உடைந்து உள்ளே சிந்தினால், சினைப்பைக்குள் அடங்கியிருந்த நோயும் வயிற்றுக்குள் பரவ வழியாகிவிடும்.

கேள்வி: மனைவிக்கு அறுவை சிகிச்சையும் 6 கீமோவும் முடிந்தன. 5 லட்சத்துக்குப் பாலிசி இருந்தும் அறுவை சிகிச்சைக்குப் பாதிதான் வந்தது. இப்போது மாத்திரைக்கும் முழுப் பணம் தர மறுக்கிறார்கள். – வாசகர், கோவை

பதில்: பாலிசியில் அறை வாடகை வரம்பு என்ன, நீங்கள் எடுத்த அறை என்ன என்று முதலில் பாருங்கள். உதாரணமாக, வரம்பு நாளுக்கு 5,000 ரூபாய், எடுத்தது 10,000 ரூபாய் அறை என்றால், வாடகை மட்டுமல்ல, சர்ஜன் கட்டணமும் தியேட்டர் கட்டணமும்கூடப் பாதியாகும். அதே விகிதத்தில் மருந்து, பரிசோதனைக் கட்டணங்களைக் குறைக்க விதி இடம் தரவில்லை. குறைத்திருந்தால் எழுதிக் கேளுங்கள்.

ஊசி வழி கீமோ (பொதுவாக 21 நாளுக்கு ஒன்று) டே-கேர் கணக்கில் சேரும், 24 மணி நேரம் படுக்க வேண்டியதில்லை. வாய்வழி மருந்துக்குப் பல பாலிசிகளில் தனி உச்சவரம்பு உண்டு. ஆரோக்ய சஞ்சீவனி என்ற, எல்லா நிறுவனங்களிலும் ஒரே விதிகளோடு கிடைக்கும் பாலிசியில் அது காப்பீட்டுத் தொகையில் 50 சதவீதம். ஒலாபாரிப் போன்ற புற்றுநோய் மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிட வேண்டியிருப்பதால் இந்த வரிதான் கழுத்தை நெரிக்கிறது. மறுப்புக் கடிதத்தில் எந்த விதி எண் என்று எழுதி வாங்குங்கள். நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் புகார் அனுப்பி, 30 நாளில் பதில் இல்லை அல்லது பதில் ஒப்பவில்லை என்றால், ஒரு வருடத்துக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை.