நாற்பதை நெருங்கும் வயதில், கொழும்பில் இருந்துகொண்டு, முதல் ஸ்பிரிண்ட் ட்ரையத்லனுக்கு எப்படித் தயாராவது?

ட்ரையத்லன் என்றால் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்கும் போட்டி; ஸ்பிரிண்ட் அதன் குறுந்தூர வடிவம். ஓட்டமும் சைக்கிளும் ஓரளவு வரும், நீச்சல்தான் பயம், மூன்று மாதம் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதும். ஆனால் அந்த மூன்று மாதத்தில் பெரும்பங்கைக் கடலுக்குக் கொடுங்கள். நான் சைக்கிளுக்குக் கொடுத்துவிட்டுப் பட்ட பாட்டைக் கீழே சொல்கிறேன்.

2018இல் காலிமுகத்திடலில் அயன்மேன் 70.3 என்ற நெடுந்தூர ட்ரையத்லன் போட்டியை வேடிக்கை பார்க்கப் போனபோதுதான் எனக்கு இந்த ஆசை பிடித்தது. 1.9 கிலோமீற்றர் நீச்சல், 90 கிலோமீற்றர் சைக்கிள், அதற்கு மேல் அரை மரதன். அதைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு ஸ்பிரிண்டின் 750 மீற்றர் நீச்சலும் 20 கிலோமீற்றர் சைக்கிளும் 5 கிலோமீற்றர் ஓட்டமும் ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. 25 மீற்றர் நீச்சல் தடாகத்தில் 30 நீளம், அவ்வளவுதானே என்று நினைத்தேன். ஆறு வாரத்தில் அந்த முப்பதையும் நிற்காமல் நீந்தினேன். நீந்தத் தெரிந்துவிட்டது என்றும் நம்பிவிட்டேன்.

பிறகு ஒரு ஞாயிறு காலை கல்கிசைக் கடலில் இறங்கினேன். தடாகத்தின் அடியில் ஒரு கறுப்புக் கோடு இருக்கும், நாம் அதைப் பிடித்துக்கொண்டே போவோம். கடலில் முகத்தைப் புதைத்தால் கலங்கலான பச்சையைத் தவிர ஒன்றுமில்லை. மூச்செடுக்கத் திரும்பிய பக்கம் அலை வந்து வாயில் உப்பை ஊற்றியது. நாற்பது கை வீசுவதற்குள் மூச்சு முட்டி நிமிர்ந்துவிட்டேன். கூட வந்த அண்ணா வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவர், கடலிலேயே நீந்தப் பழகியவர். அருகில் மிதந்தபடி, "தம்பி, தண்ணீரைப் பார்த்து நீந்தாதே. அந்த வெள்ளைச் சுவர் தெரிகிறதா? அதைப் பார்த்து நீந்து" என்றார். மேட்டில் நிற்கும் மவுண்ட் லவீனியா ஹோட்டலைத்தான் காட்டினார். ஆறு வீச்சுக்கு ஒருமுறை கண் மட்டும் தண்ணீருக்கு மேலே வர வேண்டும், முதலை பார்ப்பது போல. தலையை முழுவதும் தூக்கினால் கால் தாழ்ந்துவிடும்.

இதை அன்று தலையாட்டிக் கேட்டதோடு சரி. அதற்குப் பிறகு கடலுக்குப் போனது இரண்டே முறைதான், மிச்ச நேரமெல்லாம் சைக்கிளுக்கே போனது. முதல் போட்டியில் முன்னால் போனவரின் காலைப் பார்த்துக்கொண்டே நீந்தினேன். அவரும் வழி தவறியவர். சிறு படகில் இருந்தவர் துடுப்பால் திசையைக் காட்டித் திருப்பிவிட்டார். எத்தனை மீற்றர் அதிகம் நீந்தினேனோ தெரியாது, கரையேறியபோது எனக்குப் பின்னால் நான்கு பேர்தான் இருந்தார்கள்.

ஆகவே கடைசி ஆறு வாரம், வாரம் ஒருமுறையாவது கடல். தனியாக வேண்டாம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் காலத்தில் மேற்குக் கரைப் பக்கமே போக வேண்டாம். டிசம்பர் முதல் மார்ச் வரை கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். பயம் வந்தால் தவளை நீச்சல் அடிக்கலாம், விதியில் தடையில்லை. முன்னேறாத வரைக்கும் மிதவையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கவும் அனுமதி உண்டு. இது முன்பே தெரிந்திருந்தால் என் பாதிப் பயம் போயிருக்கும்.

சைக்கிளைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். இருப்பதை ஓட்டுங்கள். ரயரும் பிரேக்கும் சரியாக இருந்தால் போதும். காலி வீதியில் பயிற்சி செய்வது தற்கொலைக்குச் சமம். விடியற்காலை ஐந்து மணிக்கு மரைன் டிரைவ், இல்லையென்றால் பாராளுமன்றப் பக்கம். கடற்காற்றில் சங்கிலி துருப்பிடிக்கும், ஓட்டி வந்ததும் துடைத்து எண்ணெய் விடுங்கள்.

சைக்கிளில் இருந்து இறங்கி ஓடுவது தனிக் கலை. முதல் ஒரு கிலோமீற்றருக்குக் கால்கள் நம் சொல் கேட்காது. சுதந்திர சதுக்கத்தில் தனியாக எத்தனை சுற்று ஓடினாலும் அதற்கு மருந்தில்லை. வாரம் ஒரு நாள் சைக்கிள் ஓட்டி முடித்த கையோடு பத்து நிமிடமாவது ஓடுங்கள். எங்கள் தொடர்மாடியின் வாகனத் தரிப்பிடத்தில் சைக்கிளைச் சாத்திவிட்டு நான் பாய்ந்து ஓடியதைப் பார்த்த காவலாளி, யாரோ துரத்துகிறார்கள் என்று பொல்லை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

கொழும்பின் புழுக்கத்தில் வியர்வை காயாது, அதனால் உடம்பு குளிராது. ஊரிலிருந்து வரும் மச்சான்மார்கூட முதல் நாள் ஓடிவிட்டு இதைத்தான் சொல்வார்கள். ஓட்டத்தின் முதல் பாதியை வேண்டுமென்றே மெதுவாக ஓடுங்கள். சைக்கிள் போத்தலில் ஜீவனி (வியர்வையில் போகும் நீரையும் உப்பையும் ஈடுகட்டும் தூள்) கரைத்து வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதைப் பயிற்சியிலேயே குடித்துப் பழகுங்கள். போட்டியன்று புதிய உணவு எதுவும் வேண்டாம். எனக்குப் பாணும் ஒரு கோழிக்கூட்டு வாழைப்பழமும் ஒத்துக்கொண்டன. இடியப்பமும் சம்பலும் சாப்பிட்டு ஓடிய ஒரு காலையைப் பற்றி இங்கே எழுத முடியாது.

இனி, யாரும் சொல்லித்தராத ஓர் இடம்: கடலில் இருந்து வந்து சைக்கிளை எடுக்கும் அந்த இடைவேளை. அங்கேயும் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். தலைக்கவசத்தின் பட்டியைப் பூட்டிய பிறகே சைக்கிளைத் தாங்கியில் இருந்து எடுக்க வேண்டும், மாறிச் செய்தால் தண்டனை. நான் மொட்டைமாடியில் பழகினேன். மனைவி நேரம் பார்த்தார். முதல் தடவை நான்கு நிமிடம், ஒரு வாரத்தில் ஒன்றரை. ஈரக் காலில் காலுறை ஏறாது, உள்ளே பவுடர் போட்டு வையுங்கள். மணலைக் கழுவ ஒரு சிறு போத்தல் தண்ணீரும் வேண்டும்.

இன்னொன்று. வரிசை வரிசையாகச் சைக்கிள்கள் நிற்கும் இடத்தில், கண்ணில் உப்போடு, உங்களுடையது எது என்று தெரியாது. முதல் போட்டியில் இரண்டு வரிசை தள்ளித் தேடினேன். இரண்டாவதற்கு மகளின் மஞ்சள் துவாயைச் சைக்கிளுக்கு அடியில் விரித்துவிட்டுப் போனேன். தூரத்திலிருந்தே வாத்துப் படம் தெரிந்தது.