லாஞ்ச் கன்ட்ரோலில் வைட்பேண்ட் மீட்டர் 17 காட்டினால் பெட்ரோலைக் கூட்ட வேண்டுமா?

கோலாலம்பூரின் செந்தூலில் வசிக்கும் வாசகர் ஒருவர், ஹாஃப் கட் கடையில் (பாதியாக வெட்டிய பழைய கார்களின் பாகங்களை விற்கும் கடை) வாங்கிய 4ஜி93 டர்போ இன்ஜினைத் தம் புரோட்டோன் சத்ரியாவில் ஏற்றி, 550 சிசி இன்ஜெக்டர்கள், மணிக்கு 255 லிட்டர் தள்ளும் பம்ப், தனி ஈசியு (இன்ஜினை இயக்கும் கணினி) ஆகியவற்றையும் பொருத்தியிருக்கிறார். புறப்படும் முன் இன்ஜின் வேகத்தை ஓர் அளவில் நிறுத்தி வைக்கும் லாஞ்ச் கன்ட்ரோலை 4,500 ஆர்பிஎம்மில் பிடித்தால், காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் மீட்டர் 17 வரை ஏறுகிறது (எண் கூடினால் பெட்ரோல் குறைவு) என்றும், அதற்காகப் பட்டறையில் 15 விழுக்காடு பெட்ரோலைக் கூட்டியபின் பிளக் கரி பிடித்து, கிளட்சை விட்டதும் வண்டி திணறுகிறது என்றும் எழுதுகிறார். இரண்டாவது கியரில் 1 பார் பூஸ்ட்டில் (டர்போ திணிக்கும் கூடுதல் காற்றழுத்தம்) 6,000 ஆர்பிஎம்மைத் தாண்டும்போது 11.6-இல் நிற்க வேண்டிய மீட்டர் 13-க்குப் போய்விடுகிறதாம். 750 சிசி இன்ஜெக்டர் வாங்கினால் இரண்டும் தீருமா என்பது அவருடைய கேள்வி.

தீராது. லாஞ்சில் தெரியும் 17 பெரும்பாலும் பொய். இரண்டாவது கியரில் தெரியும் 13 மெய். இரண்டுக்கும் ஒரே மருந்து கொடுத்ததால்தான் பிளக் கறுத்திருக்கிறது.

வைட்பேண்ட் சென்சார் பெட்ரோலை அளப்பதில்லை. புகைக்குழாயில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனைக் கொண்டே கலவையைக் கணக்கிடுகிறது. லாஞ்ச் கன்ட்ரோல் ஆர்பிஎம்மைப் பிடித்து நிறுத்துவதற்காகச் சில சிலிண்டர்களில் தீப்பொறியை வெட்டும்போது, அங்கே போன காற்றும் பெட்ரோலும் எரியாமலே வெளியேறுகின்றன. அந்த எரியாத ஆக்சிஜனைப் பார்த்த சென்சார், பெட்ரோல் தாராளமாக இருக்கும்போதும் கலவை லீன் (பெட்ரோல் குறைவு) என்றே சொல்லும். அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டினால் பிளக் நனைந்து இன்னும் அதிகமாகத் தவறுகிறது, மீட்டர் இன்னும் மேலே ஏறுகிறது, டியூனர் மறுபடியும் கூட்டுகிறார். ஆகவே அந்த 15 விழுக்காட்டை முதலில் எடுத்துவிடுங்கள். தீப்பொறி வெட்டப்படாத நிலையில், அதே ஆர்பிஎம்மிலும் அதே மேனிஃபோல்டு (இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்) அழுத்தத்திலும் டைனோவில் (வண்டியை நின்ற இடத்திலேயே ஓட்டி அளக்கும் கருவி) பார்த்த எண்ணே அந்தக் கட்டத்துக்கு உரிய எண். இன்ஜின் ஆயிலின் டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்தும் பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் ஆயிலை மாற்றாமல் வண்டியை மேற்கொண்டு விரட்ட வேண்டாம்.

தீப்பொறிக்குப் பதிலாகப் பெட்ரோலை வெட்டலாமே என்று சிலர் சொல்வதுண்டு. போர்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் (பெட்ரோல் சிலிண்டருக்கு வெளியே இன்டேக் வழியில் தெளிக்கப்படும் வகை) இன்டேக் சுவரில் படிந்திருக்கும் பெட்ரோல் படலம் அந்த இடைவெளியில் காய்ந்துவிடுவதால், பெட்ரோல் திரும்பி வரும் முதல் சில சுற்றுகள் பூஸ்ட்டோடு சேர்ந்து உண்மையிலேயே லீனாக எரியும். டர்போ வண்டிக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

இனி அந்த 13. உங்கள் இன்ஜின் 250 குதிரைத்திறன் தருகிறது என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். டர்போ இன்ஜினுக்கு ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 270 கிராம் பெட்ரோல் என்று கணக்கிட்டால் மொத்தம் 68 கிலோ, அதாவது ஏறத்தாழ 91 லிட்டர். நான்கு இன்ஜெக்டருக்குப் பிரித்து, 80 விழுக்காடு நேரத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்ற வரம்பையும் வைத்தால், ஒவ்வொன்றும் நிமிடத்துக்குச் சுமார் 480 சிசி தந்தால் போதும். 550 சிசி தாராளம்.

ஆனால் அந்த 550 என்பது பொதுவாக 3 பார் அழுத்தத்தில் அளந்த எண். இன்ஜெக்டரின் மூக்கு இருக்கும் இடத்தில் 1 பார் பூஸ்ட் எதிர்த்துத் தள்ளும்போது ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாய்) 4 பார் இருந்தால்தான் அந்த 3 பார் வித்தியாசம் நிலைக்கும். இதைச் செய்வது பெட்ரோல் அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரிலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் ஒரு சின்ன ரப்பர் குழாய். அது வெடித்திருந்தாலோ கழன்றிருந்தாலோ வித்தியாசம் 2 பாராகக் குறைந்து, இன்ஜெக்டர் தரும் பெட்ரோலும் சுமார் 18 விழுக்காடு குறையும். பழைய ஜப்பான் இன்ஜின்களில் இந்தக் குழாய் கிளிப்புக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில்தான் வெடித்திருக்கும். விரலால் மடக்கிப் பார்த்தால்தான் பிளவு தெரியும். பெரிய இன்ஜெக்டரை விற்பது எளிது, இதைத் தேடுவதுதான் வேலை.

எனவே ஃபியூல் ரெயிலில் ஓர் அழுத்த சென்சாரைப் பொருத்தி ஈசியுவில் பதிவு செய்யுங்கள். பெட்ரோல் குழாயோடு கூடிய மெக்கானிக்கல் மீட்டரைக் காருக்குள் கொண்டுவரவே கூடாது. ரெகுலேட்டரின் ரப்பர் குழாயைக் கழற்றி ஐடிலில் 3 பார் வைத்து, மீண்டும் மாட்டி டைனோவில் ஓட்டும்போது, பூஸ்ட் 1 பார் ஏறியும் அழுத்தம் 3-லேயே நின்றால் குற்றம் ரெகுலேட்டர் பக்கம். 4 வரை ஏறி, ஆர்பிஎம் கூடக் கூடச் சரிந்தால் பம்ப், ஃபில்டர் அல்லது மின்சாரம். 4-இல் அசையாமல் நின்றும் மீட்டர் 13 காட்டினால் ஈசியுவின் எண்களைத் திருத்த வேண்டும். பொருள் எதுவும் வாங்க வேண்டியதில்லை.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் எனக்கு இரண்டாவது வகை (பம்ப் பக்கம்) மீதே சந்தேகம். 255 லிட்டர் பம்பைப் பழைய சத்ரியாவின் மெல்லிய ஒயரிலேயே ஓட்டுகிறவர்கள் பலர். பேட்டரியில் 14 வோல்ட் இருக்க, முழுச் சுமையில் பம்பின் சாக்கெட்டில் 12-க்கும் கீழே இருந்தால் பம்ப் தளர்ந்துதான் தள்ளும். பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே வழியாகத் தடித்த ஒயர் இழுத்துவிட்டால் போதும். சோதனை நாளில் டாங்கி பாதிக்குக் குறையாமல் இருக்கட்டும். இருபது வெள்ளிக்கு மட்டும் பெட்ரோல் ஊற்றிக்கொண்டு லாஞ்ச் செய்தால், டாங்கியின் அமைப்பைப் பொறுத்து, பெட்ரோல் பின்னுக்கு ஒதுங்கிப் பம்ப் காற்றை உறிஞ்சக்கூடும். அதையும் லீன் என்று வைத்துக் குழம்புவோம்.

இவை சரியான பிறகே லாஞ்ச். முன்சக்கர இழுவையில் ஓடும் சத்ரியாவுக்கு, சாதாரண டயரில், 4,500 அதிகம் என்பது என் கருத்து; 3,500-இல் தொடங்கி, டயர் பிடிக்கும் அளவைப் பார்த்து இருநூறு இருநூறாக ஏற்றுங்கள். பூஸ்ட் வேண்டுமென்று இக்னிஷன் டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, பின்தள்ளும்போது எரிதல் புகைக்குழாய்வரை நீள்வதால் டர்பைன் கடுமையாகச் சூடாகும், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருந்தால் அதுவும் கெடும். ஆகவே பிடித்து வைப்பது 2, 3 விநாடிக்கு மேல் வேண்டாம். சோதனையைச் செப்பாங் போன்ற பந்தயத் தளத்தில் மட்டுமே செய்யுங்கள். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் பொதுச் சாலையில் பந்தயத்தை அனுமதிப்பதில்லை. கிளட்ச் சுவிட்சையும் ஒருமுறை பாருங்கள்: பெடல் முழுதும் மேலே வந்த பிறகும் சுவிட்ச் விடாமல் இருந்தால், வண்டி நகர்ந்த பின்னும் ஈசியு தீப்பொறியை வெட்டிக்கொண்டே இருக்கும், நீங்கள் சொல்லும் திணறலும் அதே போலத்தான் இருக்கும். லாஞ்ச் வரம்பு வண்டி மணிக்கு 5 கிலோமீட்டரைத் தாண்டியதும் தானே விலகுமாறு ஈசியுவில் அமைத்துவிட்டால், சுவிட்ச் ஒட்டிக்கொண்டாலும் இந்தத் தொல்லை வராது.