எல்லாம் கற்றுக்கொண்ட பிறகுதான் புதிய முயற்சியில் இறங்க வேண்டுமா?

புதிய முயற்சியில் இறங்கும் முன் எல்லாம் கற்றுக்கொள்ள வேண்டுமா என்று எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். தோற்றால் வீட்டில் பேச்சு வாங்க வேண்டுமே என்றும் கேட்டிருக்கிறீர்கள். பெரியவர்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் வீடு என்று நினைக்கிறேன். எங்கள் வீடும் அப்படித்தான். அம்பாசமுத்திரம் பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனம். கார், பிசானம் இரண்டு போகமும் தாத்தா நட்டபடியே நட்டு வந்த நெல் வயல்.

ஓர் இடத்தில் ஒரே இளம் நாற்றை நடும் ஒற்றை நாற்று நடவை முயன்று பார்க்கிறேன் என்றதும் அப்பா ஒரே ஒரு சிறு வயலைத்தான் ஒதுக்கினார். மற்றவை பழையபடி நடக்கட்டும் என்றார். அன்று மனம் சுருங்கியது. இன்று அதைத்தான் பெரிய உதவி என்பேன். ஒப்பிட்டுப் பார்க்க வரப்புக்கு அந்தப் பக்கமே பழைய நடவு இருந்தது.

அதே அம்பை 16 ரகம். 14 நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, முக்கால் அடி இடைவெளி. நட்டு முடித்தபோது வயலில் தண்ணீரைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. "அண்ணாச்சி, நடவு எப்போது?" என்று வரப்பில் போனவர்கள் கேட்டார்கள். நடவுக்கு வந்த அக்காமாருக்கும் கோபம். கொத்தாய் எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தி நட்டுப் பழகிய கைகள். அவர்களில் மூத்தவர் மட்டும் சில வரிசைகளில் அழுத்தாமல், வேரைச் சேற்றின் மேலாகவே கிடத்தி நட்டார். ஒரு வாரம் கழித்து இரண்டிலும் ஒவ்வொரு நாற்றைப் பிடுங்கினேன். அழுத்தி நட்டதன் வேர் தூண்டில் முள்ளைப் போல மேல்நோக்கி வளைந்திருந்தது. கிடத்தி நட்டதில் வெள்ளை வெளேரென்று புது வேர் ஓடியிருந்தது. பள்ளமான மூலையில், தண்ணீர் தேங்கிய இடத்தில், பக்கத் தண்டுகள் விட்டுத் தூர் கட்டவே இல்லை. மண்ணில் மெல்லிய வெடிப்பு விட்ட பிறகு தண்ணீர் பாய்ந்த மேட்டில் தூர் பெருத்தது. அடுத்த போகத்தில் வடிகாலை மட்டும் மாற்றினேன், வேறெதையும் தொடவில்லை. அதனால்தான் எது பலன் தந்தது என்று தெரிந்தது.

"படித்தவர்கள் சொன்னதைத்தானே செய்தீர்கள்" என்று சிலர் எழுதலாம். இந்த முறையே 1983-இல் மடகாஸ்கரில் ஆன்றி த லொலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார், மழை பொய்த்த நெருக்கடியில் 15 நாள் நாற்றை நட்டுப் பார்த்ததில் பிறந்தது. தாமிரபரணிப் பாசனத்திலும் 2003-04-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உழவர் வயல்களில் இதை நட்டுப் பார்த்தது. எல்லா மண்ணுக்கும் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. வடிகால் இல்லாத வயலில் செய்யாதீர்கள்.

   

நீங்கள் எதில் இறங்கப் போகிறீர்கள் என்று எழுதவில்லை. நெல் என்றால் கார் நடவுக்கு முன்பே கேளுங்கள்; நாற்றைப் பாய் போலவே எடுக்க உதவும் பாய் நாற்றங்கால் போடும் விதத்தை விவரமாக எழுதுகிறேன்.