பஸ் கேன்சல், வவுச்சர் தான் தருவாங்களாம், தீர்ப்பக் காட்டி பணம் கேக்கலாமா?

கேள்வி: அக்கா, நான் தென்னாப்பிரிக்கால, சாட்ஸ்வர்த்ல இருக்கேன். டர்பன்ல இருந்து போர்ட் எலிசபெத்ல மக வீட்டுக்குப் போக 650 ராண்ட் கட்டி டிக்கெட் எடுத்தேன். கிளம்புற அன்னைக்கு பெட்டியோட பஸ்ஸுக்குக் காத்துட்டு நிக்கும்போது தான் மெசேஜ் வருது, மினிபஸ் டாக்ஸிக்காரங்க வழில விட மாட்டேங்குறாங்க, ட்ரிப் கேன்சல்னு. பணம் கேட்டா எங்க தப்பு இல்ல, வவுச்சர் தான்ங்குறாங்க. ஒரு பஸ் கம்பெனி கவர்மென்ட் மேல கேஸ் போட்டு ஜெயிச்சுதே, அதக் காட்டிக் கேக்கலாமா?

பதில்: அந்தத் தீர்ப்பு உங்க டிக்கெட்டுக்கு உதவாதும்மா, ஆனா வேற சட்டம் இருக்கு, விட்றாதீங்க.

2022 செப்டம்பர்ல ஈஸ்டர்ன் கேப் மாகாணத்துல இருக்குற மக்கண்டா ஹைகோர்ட் குடுத்த தீர்ப்பு அது, இன்டர்கேப்ங்குற பஸ் கம்பெனி போட்ட கேஸ். டாக்ஸி சங்கத்துக்காரங்க பஸ்ஸ ஓட விடாம மிரட்டுறாங்க, கல்லெறியுறாங்க, சுடுறாங்கனு கம்பெனி சொல்லுச்சு, அந்த வருஷம் ஏப்ரல்ல கேப் டவுன்ல அவங்க டிரைவர் ஒருத்தர சுட்டு அவர் உயிரே போயிடுச்சு. இதெல்லாம் போலீஸ் வேலை, எங்களுக்கு அதிகாரம் இல்லன்னாங்க ஈஸ்டர்ன் கேப் போக்குவரத்து அமைச்சர் தரப்பு. கோர்ட் அத ஒத்துக்கல. தொலைதூர பஸ் டிரைவருக்கும் பயணிக்கும் பாதுகாப்பு ஏற்பாடு பண்றது உங்க கடமையும் தான், பிளான் போடுங்கனு உத்தரவு போட்டுச்சு. பர்மிட் குடுத்துட்டு கைய கழுவ முடியாதுனு கோர்ட்டே சொன்னது ரொம்ப நியாயம், இது ரொம்ப முன்னாடியே வந்திருக்கணும். ஆனா அது கவர்மென்ட்டுக்குப் போட்ட உத்தரவு, உங்க காசப் பத்தி அதுல ஒண்ணும் இல்ல.

உங்க காசுக்கு 2008 கன்ஸ்யூமர் ப்ரொடெக்‌ஷன் ஆக்ட் 47ஆம் பிரிவு இருக்கு. புக்கிங் வாங்கிட்டு சொன்ன தேதில கெப்பாசிட்டி (வண்டியோ இடமோ) இல்லாம சர்வீஸ் குடுக்க முடியலனா பணத்த வட்டியோட திருப்பணும். இது கெப்பாசிட்டி பிரச்சனை இல்லனு கம்பெனி வாதாடலாம், அப்படியே இருந்தாலும் ஓடாத பஸ்ஸுக்கு வாங்குன காச வச்சுக்க என்ன உரிமைனு எழுத்துல கேளுங்க. மறுநாள் பஸ்ல சீட் தரேன்னு அவங்க சொல்லி நீங்க வேணாம்னிருந்தா மட்டும் கேஸ் கொஞ்சம் வீக் ஆகும். மாத்து வண்டிக்கு, தங்குறதுக்கு செலவு பண்ணியிருந்தா ரசீதோட அதையும் கேளுங்க. எங்க கைய மீறின விஷயம்னு அந்தச் செலவுல இருந்து அவங்க தப்பிக்கணும்னா முடிஞ்ச சீக்கிரம் உங்களுக்கு சொல்லியிருக்கணும், அதனால அந்த மெசேஜ் வந்த நேரம் தெரியுற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கங்க.

வவுச்சர ஏத்துக்காம, பேங்க் அக்கவுன்ட்டுக்கே போடணும்னு தேதி குடுத்து ஈமெயில் போடுங்க. அதுக்கும் அசையலனா நேஷனல் கன்ஸ்யூமர் கமிஷன்ல புகார் குடுக்கலாம், இல்ல ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட், 20,000 ராண்ட் வரைக்கும் அங்க கேக்கலாம், லாயர் தேவையில்ல.